முதல் டிகாஷன்

நான் ஒரு மனிதனின் கண்களைக் குடித்திருக்கிறேன். பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆற்றி, ரசித்துக் குடித்தேன். கடைசிச் சொட்டும் வீணாகக் கூடாதென்று டம்ளரைக் கவிழ்த்து அடியில் தட்டி நாக்கில் விட்டுக்கொண்டேன். அலுமினிய டம்ளர். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். என் வாழ்க்கையில் முட்டாள்தனத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, 'பாயசம் கொஞ்சம் தண்ணி' என்று குறை சொல்லிவிட்டு, பிறகு நண்பனின் கல்யாணம் பக்கத்து மண்டபத்தில் என்று கண்டுபிடித்தவன் நான். அதையெல்லாம் நாலு பேர் கூடின இடத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். டம்ளர் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எங்கே சிரிக்கச் சொல்லி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் வரிசையாக ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. வீடு திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில். வாரம் முழுக்க ஆலைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் கிடந்துவிட்டு சனிக்கிழமை ஊருக்குப் போவேன். எங்கள் ஆலையில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சம்பளம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, காபியின் நிறத்தைப் பார்த்தால் போதும். கேன்டீனில் பெரிய பித்தளை பில்டர் ஒன்று இருந்தது. முதலில் இறங்கும் கெட்டியான டிகாஷன் ஆபீசர்களுக்கு. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷன் எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்கு. மூன்றாவது தடவை வடிவது கான்ட்ராக்ட் ஆட்களுக்கு. காபியைப் பற்றிக் கேள்விப்பட்ட வெந்நீர் என்று அதைச் சொல்லலாம். கேன்டீன் மாஸ்டர் பள்ளிப்பட்டுக்காரர். எனக்கே ஒருநாள் முதல் டிகாஷன் கேட்டதற்கு, "நீ ஆபீசர் ஆவு நைனா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் ஆகவில்லை. அவரும் தரவில்லை.

அந்தக் கேன்டீனில் டம்ளர் கழுவியவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவள் கணவர் எங்கள் ஆலையிலேயே லாரியில் கம்பிச் சுருள் ஏற்றிய கான்ட்ராக்ட் ஆள். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் போன பிறகு அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. நடக்கப் பழகியிருந்த ஒரு பெண் குழந்தை. பர்மனென்ட் ஆட்களுக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் உண்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நம்பர் போட்ட பித்தளை வில்லை மட்டும்தான். ஆள் போனதும் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா அதைக் கொண்டுவந்து என் கவுண்டரில்தான் வைத்தாள். நான் வாங்கி ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலையில் வேறொருவன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லாரி ஏறினான்.

ஒரு மத்தியானம் நான் கேன்டீனுக்குப் போனபோது, மேசையில் சிந்தியிருந்த காபியை அவள் விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் மூக்கு, மீசை, ஒரு தாடை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை.

"இன்னாக்கா, நம்ம மேனேஜரா? மூக்கு அப்டியே கத்திரிக்கா மாதிரி கீதே!"

"எங்க ஊட்டுக்காரரு சார்" என்று சொல்லிவிட்டுத் துணியால் துடைத்தாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். கல்யாணமான புதிதில் போட்டோ எடுக்க இருவரும் பஜாருக்குப் போனார்களாம். ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை. அடுத்த வாரம் வரலாம் என்று திரும்பிவிட்டார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. "புள்ள அப்பா எங்கன்னு கேக்குது சார். செவுத்துல ஒண்ணு மாட்டிட்டா கைய நீட்டிக் காட்டிடலாம். எனுக்கே இப்பல்லாம் மூஞ்சி கலையுது. காலீல எழுந்தா மூக்கு கீது, மீசை கீது, ஒண்ணா சேர மாட்டேங்குது."

மறுநாள் பெரிய கொடை வள்ளல்போல ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது. அதில் உடம்பின் நிறம் என்று போட்டிருந்த வண்ணக்கட்டி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. அதைப் பூசியதும் படத்திலிருந்தவரைப் பார்த்து மாஸ்டர், "வெள்ளைக்காரனயா கட்டிக்கினு இருந்த? சொல்லவே இல்ல!" என்றார். அக்காவும் சிரித்துவிட்டாள். பெட்டியை மூடி என்னிடமே நீட்டினாள். "அவரு கலரு இதுல இல்ல சார். அவரு நல்ல டிகாஷன் கலரு."

அப்படித்தான் டிகாஷனால் வரையத் தொடங்கினாள். வெல்டிங் ராடு வரும் பெட்டிகளில் உள்ளே வழவழப்பில்லாத வெள்ளை அட்டை இருக்கும், அதை நான் கொடுத்தேன். வேப்பங்குச்சியை மென்று பிரஷ் ஆக்கினாள். மெல்லிய கோட்டுக்குக் கோழி இறகு. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவியான பிறகு, மாலைக் காபிக்கு மணி அடிக்கும்வரை அவளுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. இல்லையென்றால் முதல் பூச்சும் கரைந்து கூட வந்துவிடும். அடுப்புச் சூட்டில் அட்டையைக் காட்டிக் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைப்பாள். அவள் ஓவியக்காரி இல்லை. காது தோள்பட்டையில் முளைத்திருக்கும், வாய் கோணும். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த அட்டை கேட்பாள்.

அவளுக்குக் கிடைத்ததோ மூன்றாம் டிகாஷன். எத்தனை பூச்சு பூசினாலும் வெளிர் மஞ்சளுக்கு மேல் ஏறாது. மூக்கு சரியாக வந்த நாளில்கூட அட்டையை எட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காமாலைல கெடந்த மாதிரியே கீறாரு சார். கடசீல பாத்த கலரு இது. இத்த எப்டி புள்ளைக்குக் காட்டறது?" நோய் வருவதற்கு முந்தைய மனிதர்தான் அவளுக்கு வேண்டும். அந்த நிறம் முதல் டிகாஷனில்தான் இருந்தது. முதல் டிகாஷன் ஆபீசர்களுக்குப் போனது.

அமாவாசைக்கு எங்கள் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையுமாம். அவர் படுத்திருந்தபோது அக்காவும் யாரோ சொன்னார்களென்று, தான் போவது மாதா கோயில் என்றாலும், வந்து கரைத்துவிட்டுப் போனாளாம். எதையும் கரைக்க எங்கள் ஊரில் வழி இருக்கிறது. ஒன்று கரையாமல் இருக்க எதைப் போடுவது என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரிகள் வரவில்லை. அவர்களுக்காக இறக்கிய முதல் டிகாஷன் ஒரு தூக்கு நிறைய மிஞ்சியது. மாஸ்டருக்கு என்ன தோன்றியதோ, "எடுத்துக்கினு போ, உன் புருஷனுக்கு ஊத்து" என்றார். அன்றும் மறுநாளும் அக்கா அதைத் தணலில் வைத்துச் சுண்டவிட்டாள். தூக்கு நிறைய இருந்தது அந்த நசுங்கிய டம்ளரில் பாதிக்கு வந்தது. அதற்குள் அட்டையில் முகம் கூடியிருந்தது. மூக்கு அவருடைய மூக்கு, தாடை அவருடைய தாடை. மேலே ஒரு நல்ல பூச்சு, மீசை, கண்கள். இவ்வளவுதான் பாக்கி. கண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு ஸ்டோர்ஸ் தகரக் கூரையின் கீழ் வெந்து, மண்டை இடியோடு கேன்டீனுக்கு வந்தேன். யாரும் இல்லை. அடுப்பு மேடையில் தட்டு மூடிய டம்ளர். திறந்தால் வாசனை ஆளைத் தூக்கியது. பக்கத்திலேயே பால், சர்க்கரை. ஆயுள் முழுக்க இரண்டாம் டிகாஷன் குடித்தவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? மீசையையும் கண்ணையும் உடம்பின் நிறத்தையும் சேர்த்துக் குடித்தேன். அப்போதுதான் அக்கா முகம் கழுவி, தலை வாரி, அட்டையையும் கோழி இறகையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கித்தான் ஆபீசர் ஆன மாதிரி கீது!" என்றேன்.

அவள் டம்ளரை எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சக்கர போதுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். மாஸ்டர்தான் பின்னாலிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

நாளைக்கே வேறு முதல் டிகாஷன் கொண்டுவருகிறேன் என்றேன். நாளைக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. வெட்கத்துக்கும் சோம்பேறித்தனத்துக்கும் முகஜாடை ஒன்றுதான். அந்த வாரக் கடைசியில் ஆலை கதவடைப்பு. கேட்டில் பூட்டு, சுவரில் நோட்டீஸ். நான் மணவாள நகரில் அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு மீசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலை திறக்கவே இல்லை. மாஸ்டரை வெகுநாள் கழித்துத் தற்செயலாக ரயிலடியில் பார்த்தபோதுதான் அக்கா பொதட்டூர்பேட்டையில் தன் தங்கை வீட்டோடு இருக்கிறாள், கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கப் போகிறாள் என்று தெரிந்தது. அம்மாவிடம் முதல் டிகாஷனைக் கெட்டியாக இறக்கச் சொல்லி, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பாவத்தைப் பிளாஸ்க்கில் எடுத்துப்போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

படம் சுவரில் மாட்டியிருந்தது. மீசை இல்லாமல், கண் இல்லாமல், மஞ்சளாக. குழந்தை வளர்ந்திருந்தது. "சத்தம் போடாத மாமா, எங்கப்பா தூங்கறாரு" என்று என்னிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டியது. கண் இருக்க வேண்டிய இடத்தின் வெறுமையை மூடிய இமை என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள்.

பிளாஸ்க்கை நீட்டினேன். அவள் திட்டவில்லை. பாதியை ஊற்றி அடுப்பில் சுண்டவைத்தாள். படத்தைக் கழற்றி மடியில் வைத்து, முகத்தில் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்தாள். நிறம் ஏறியது. மீசை போட்டாள். கண்ணுக்கு வந்ததும் இறகு அந்தரத்தில் நின்றது.

"சார், தெனம் காலீல உன்கிட்டதான வில்லய காட்டுவாரு. கண்ணு சின்னதா இருக்கும் இல்ல? இல்ல, பெருசா?"

தினம் காலையில் ஒரு கை வில்லையை என் முன்னால் நீட்டும், நான் நம்பரைக் குறித்துக்கொள்வேன். நான் தலை நிமிர்ந்ததில்லை. "பெருசுதான்க்கா" என்றேன். அவள் இறகை மறுபடி டிகாஷனில் தோய்த்தாள். பிறகு ஒரு கண்ணை வரைந்து, இறகை உதறி, இன்னொன்றையும் வரைந்தாள். சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். குழந்தை அண்ணாந்து பார்த்தது. ஓடிவந்து அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அம்மா, அந்த ஆளு பாக்கறான்."

அக்கா அட்டையைக் கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். "டிகாஷன நீ கொண்டாந்துட்ட சார். மூஞ்சிய நான் எங்க போயி கொண்டார்றது?" என்றாள்.

இப்போது எனக்கு முதல் டிகாஷன்தான். கேட்காமலே வீட்டில் கிடைக்கிறது. அந்த ஆலை இருந்த இடத்தில் வேறு ஆலை, வேறு கேன்டீன். அங்கே பொத்தானை அமுக்கினால் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் காபி வருகிறதாம். மூடிவைத்த டம்ளர் எதைப் பார்த்தாலும் இது யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். இவன் ஏன் எதற்கெடுத்தாலும் கேட்கிறான் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிக்கிறேன்.

அன்றைக்குப் பொதட்டூர்பேட்டையில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அக்கா உட்காரச் சொன்னாள். பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றினாள். விளிம்பு நசுங்கிய அதே டம்ளர். கேன்டீனிலிருந்து அவளுக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். பால் ஊற்றினாள், சர்க்கரை போட்டாள், ஆற்றி என் முன்னால் நகர்த்தினாள்.

"குடிச்சிட்டுப் போ சார். உனுக்கு ஒயுங்கா செய்ய வர்றது இது ஒண்ணுதான்."