சீராக வந்த ஆறு மூட்டை எரு

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என் நாத்தனார் வெள்ளிக் குத்துவிளக்கு கொண்டுவந்தார். என் அண்ணன் ஆறு மூட்டை மாட்டு எரு கொண்டுவந்தார். தப்பு அவர்மேல் இல்லை. என்ன சீர் வேண்டும் என்று அவர் கேட்டபோது, மாடித் தோட்டம் போடப்போகிறேன், எரு கொண்டுவந்தால் போதும் என்று நானேதான் வாயைக் கொடுத்தேன். எங்கள் ஊர் புத்தலப்பட்டிலிருந்து குட்டியானை வண்டி பிடித்து, ஒவ்வொரு மூட்டைக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, திருப்பதியில் எங்கள் தெருவில் வந்து இறங்கினார். ஓமப் புகையையும் மீறி ஐயர் மூக்கைச் சுளித்தார். என் கணவர் அன்று முழுவதும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் காலம் காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் இந்த வருஷம்தான் முதன்முதலாக அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, தக்காளி நடத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த மாடுகள் இரண்டும் போட்ட எரு இது. வெள்ளி விளக்கெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

மாடியில் இருபது பைகளில் மண்ணும் எருவும் கலந்து தக்காளி, அவரை, கத்தரி வைத்தேன். மூன்றே வாரத்தில் தக்காளிக் கொழுந்தெல்லாம் முறுக்குப் பிழிந்தது மாதிரி சுருண்டுகொண்டது. சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கூடை எரு போட்டேன். இன்னும் சுருண்டது. இன்னொரு கூடை போட்டேன். பிறந்த வீட்டுச் சீரைச் சந்தேகப்பட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

அதனால் மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டேன். முதல் குற்றவாளி என் கணவர். பல் விளக்கிய தண்ணீரை அவர் பைகளில்தான் கொப்பளித்துத் துப்புகிறார் என்று சண்டை போட்டேன். பாவம் மனிதர், ஒரு வாரம் கீழே தெருக்குழாயில் போய்ப் பல் விளக்கினார். செடி தேறவில்லை. அடுத்தது பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா. செடி வைத்த புதிதில் எட்டிப் பார்த்து, "செட்லு பலே உன்னாயி", செடியெல்லாம் ஜோர் என்று வாயார மெச்சினாரே, அந்தக் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். அவர் வீட்டைப் பார்த்தபடி ஒரு பூசணிக்காயில் மீசை வரைந்து தொங்கவிட்டேன். மிளகாய் சுற்றிப் போட்டதில் எனக்கே இருமல் வந்து, அந்த அம்மாதான் சுவர்மேல் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இதற்கு நடுவில் அண்ணன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணுவார். "செடி எப்படி கீது பாப்பா?" என்பார். "சூப்பரா கீதுண்ணா" என்பேன். ஆசையாகக் கொண்டுவந்தவரிடம் வேறென்ன சொல்வது? போட்டோ அனுப்பு என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். நேராகச் சந்தைக்குப் போய் அரை கிலோ தக்காளி வாங்கிவந்தேன். ரவிக்கை தைக்கிற நூலால் அவற்றைச் செடியில் ஒவ்வொன்றாகக் கட்டி, சுருண்ட இலை தெரியாமல் ஓரம் பார்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். என் கணவர் மறுபக்கத்தில் செடி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது நான் பூசணிக்காய் கட்டிய அதே அம்மாதான். மதனப்பள்ளிப் பக்கம் அவருடைய தம்பிக்கும் இப்படி ஆனதாம். ஒரு டப்பாவில் வெறும் மண், இன்னொன்றில் எரு கலந்த மண், இரண்டிலும் அவரை விதை போட்டுப் பார் என்றார். போட்டேன். பத்து நாளில் வெறும் மண்ணில் வந்தது விறைப்பாக நின்றது. எருவில் வந்தது தலையைத் தொங்கப்போட்டுச் சுருண்டது. "எருவுலோ மந்து உந்தம்மா", எருவில்தான் மருந்து இருக்கிறது என்றார். கரும்புக்கு அடிக்கும் களை மருந்துகளில் சிலது கரும்பை ஒன்றும் செய்யாதாம், தக்காளி அவரையைத்தான் பிடிக்குமாம். கரும்புத் தோகையைத் தின்ற மாட்டின் வயிற்றுக்குள் போனாலும் சாகாமல் சாணியோடு வெளியே வந்துவிடுமாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. முதல் வேலையாகப் பூசணிக்காயை இறக்கினேன்.

அன்று சாயந்திரம் அண்ணனே போன் பண்ணினார். நாற்று வாங்கியாகிவிட்டது, நாளைக்கு நடவு, நிலத்தில் பாதிக்கு எருவும் இறைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். போனில் உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் "சரிண்ணா" என்று வைத்துவிட்டேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் அண்ணன் நிலத்துக்குப் பக்கத்தில் சித்தூர் ரோட்டில் போய் இறங்கினேன்.

வரப்போரம் நாற்றுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. மீதி எரு ஒரு மூலையில் குவிந்திருந்தது. அண்ணன் அன்னக்கூடையைக் கையில் எடுத்திருந்தார். நான் மூச்சு வாங்க ஓடிப்போய், என் செடியெல்லாம் சுருண்டுபோச்சு, எருவில் களை மருந்து இருக்கிறது, போடாதே என்று கொட்டித் தீர்த்தேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனில் அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டினார்.

"அப்போ இது இன்னா?"

"மார்க்கெட் தக்காளிண்ணா. நூல்ல கட்டினேன்."

அவர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். நூல் தெரிந்தது. ஒரு ஓரத்தில் என் கணவரின் கட்டைவிரலும் தெரிந்தது. சிரிப்பு வந்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் போட்டோவை ஊரெல்லாம் காட்டிட்டேன். இதப் பாத்துத்தான் நேத்து எருவை இறைச்சேன்" என்றார். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து உதிர்த்தபடி, "மாடு தின்ன கரும்புக்கு மருந்து அடிச்சதே நான்தான் பாப்பா. கூலிக்குப் போனேன். தோகை சும்மா கெடைச்சுது, மாட்டுக்கு ஆவுமேன்னு தூக்கிகினு வந்தேன்" என்றார்.

எரு படாத பாதியில் மட்டும் நாற்று நடுவது என்று முடிவாயிற்று. மற்ற பாதியில் இந்த வருஷம் மாட்டுச் சோளம்தான்; கரும்பு மாதிரி அதையும் அந்த மருந்து ஒன்றும் செய்யாது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நாலு வரிசை நட்டோம். அப்புறம் அவர் குனிந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பொய் சொன்னது போவட்டும். என்கிட்ட செடி நல்லால்லன்னு சொல்றதுக்கு உனக்கு பயமா இருந்திச்சா?"

"ஆமாண்ணா" என்றேன்.

அவர் அடுத்த நாற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.