சும்மா ஒதுங்கிய மூன்று நாள்

எனக்கு வயது எண்பத்திரண்டு. வளர்த்தது ஏழு பேரை. எல்லாரையும் நான் பெறவில்லை. அடித்தது மட்டும் எல்லாரையும் ஒரே கையால்தான். இரண்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெல்ல எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரன் போவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், எங்கள் பக்கம் மகாராஜா ஆட்சி நடந்தபோது, நான் ஐந்து பெற்றிருந்தேன். ஐந்தாவது பிரசவத்துக்கு என்னை வண்டியில் போட்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிழைத்தது. நானும் பிழைத்தேன், அதற்குக் கொஞ்சம் நாள் பிடித்தது. அனுப்பும்போது டாக்டரம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு பிள்ளை உண்டானால் தாய் தங்கமாட்டாள் என்று சொன்னார். அவர், "சரி" என்றார். வண்டிச் சக்கரத்துக்கு மை போடச் சொன்னாலும் அவர் அதே குரலில்தான் சொல்வார்.

அந்தச் செய்தி என் மாமியார் காதுக்குப் போகவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உடம்புக்கு ஆகாத மருமகள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

ஊர் மருத்துவச்சியிடம் மட்டும் கேட்டேன். "பஞ்சில வேப்பெண்ணெய முக்கி உள்ள வச்சுக்கோ. பொறவு பயம் இல்ல," என்றாள். அப்படியே செய்தேன். ஆனால் வேப்பெண்ணெய் வீட்டில் ஒளித்து வைக்கிற பொருள் இல்லை. இரண்டாம் நாளே மாமியார் மூக்கைச் சுளித்தார்.

"ஏட்டி, இந்த வீட்டில யாருக்குச் செரங்கு?"

"எனக்குத் தலையில பேன், அத்தை."

அன்று மத்தியானமே என்னை முற்றத்தில் உட்கார வைத்து, முடியைப் பிரித்துப் பிரித்துத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வேப்பெண்ணெய் நல்ல வேலை செய்கிறது என்று பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அது வேலை செய்யவும் செய்தது. பிறகு ஒரு மாதம், வரவேண்டிய நாளில் எனக்கு வரவில்லை.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனால் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. மாதாமாதம் மூன்று நாள் தொழுவத்தை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பில் ஒதுங்கி இருக்க வேண்டும். தட்டும் செம்பும் தனி. அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. அந்த மூன்று நாளும் மாமியார்தான் சமைக்க வேண்டும் என்பதால், என் நாள் என்னைவிட அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். நான் ஒதுங்கவில்லை என்றால் அது வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், குளத்துக்கும் தெரியும்.

குளத்துப் படியில் அடுத்த வீட்டுக்காரி கேட்டாள்: "என்ன மைனி, இந்த மாசம் ஒங்க அத்தைக்கு அடுப்படி வேல இல்ல போலுக்கே?"

"அவங்களுக்கு இடுப்பு வலி. பாவம்னு நானே பாக்கேன்."

"அப்பம் தொட்டிலக் களுவி வைக்கச் சொல்லட்டா?"

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தின்றால் நாள் வந்துவிடும் என்று எள்ளையும் கருப்பட்டியையும் இடித்துத் தின்றேன். ருசியாக இருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நாள் போகப்போக மாமியார் மாறத் தொடங்கினார். "குடத்த எறக்குட்டி, நீ ஒண்ணும் தூக்காண்டாம்," என்றார். ஒருநாள் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு, என் கையில் கொண்டுவந்து தந்தார். அந்த வீட்டில் நான் வாழ்க்கைப்பட்ட பிறகு அவராக எனக்குத் தந்த முதல் தின்பண்டம் அதுதான். அதைத் தின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை இருந்தது சந்தேகம். பிள்ளைகள் ஐந்தும் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனால் யார் எங்கே என்று யோசித்தேன். மூத்தவள் சமைத்துக்கொள்வாள். நடு மூன்று பேரையும் என் அம்மா வீட்டில் சேர்க்கலாம். கடைக்குட்டியை மட்டும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில், "அத்தை, நான் ஒதுங்கியாச்சு," என்று சொல்லிவிட்டுச் சாய்ப்பில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் வந்திருக்கவில்லை. இன்னொரு மாங்காயை வாங்கித் தின்ன என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

ஒதுங்கியிருக்கிறவளைத் துணி உடுத்த பிள்ளை தொட்டால் தீட்டு. அம்மணமாக வந்து தொட்டால் தீட்டில்லை. என் கடைக்குட்டிக்கு அந்தச் சட்டம் தெரியும். சாய்ப்பு வாசலில் நின்று, இடுப்புத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, மடியில் வந்து படுத்துக்கொண்டான். மூன்று நாளும் அவனை நான் போகச் சொல்லவில்லை.

நாலாம் நாள் குளித்து வீட்டுக்குள் வருவதற்கு, வண்ணாத்தி கொண்டுவருகிற மாற்றுத்துணியை உடுத்த வேண்டும். சாய்ப்பில் உடுத்ததை அவளிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது வெளுத்த துணியில்லா?"

"சும்மாதான இருந்தேன். நானே அலசிட்டேன்."

"நல்லாத்தான் அலசியிருக்கிய," என்று மூட்டையில் வைத்துக்கொண்டாள்.

குளத்தில் முழுகும்போது அடிவயிறு பிடித்தது. படியேறி நின்றேன். வந்திருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தால், மாமியார் அகப்பையை என்னிடம் நீட்டத் தயாராக நிற்கிறார். நான் முற்றத்திலேயே நின்றேன்.

"அத்தை, இன்னும் மூணு நாளு."

"என்னட்டி, நிக்கலியா?"

"இப்பந்தான் வந்திருக்கு."

"அப்பம் இந்த மூணு நாளும் என்னைய எதுக்குட்டி பொகையில போட்டே?"

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சொன்னதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எம் மவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். சரின்னாவ."

அவர் அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஒம்பது பெத்தேன். நாலு தங்கிச்சு. எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல்ல," என்றார். பிறகு, "போய் இரி. சோறு கொண்டு வாறேன்," என்று திரும்பிவிட்டார்.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் உள்ளே தேடிவிட்டு வெளியே வந்தார்.

"அம்மா, எம் பாய எங்க?"

"பத்தாயப்புரையில."

"நெல்லு கெடக்க எடத்துல எதுக்கு?"

"எலி."

"எலியா? நான் பாக்கலியே."

"அங்க படுத்தா பாப்பே."

அவர் சாய்ப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் வைக்கோலைப் பார்த்தேன். தலையணையை எடுத்துக்கொண்டு பத்தாயப்புரைக்குப் போனார். எத்தனையோ அறுவடை முடிந்தும் அந்தப் பாயை மாமியார் வீட்டுக்குள் விடவில்லை. ஊரில் எல்லார் வீட்டு நெல்லையும் எலி தின்றது. எங்கள் நெல்லில் ஒரு மணி குறையவில்லை. நானும் குறையவில்லை, இருந்து எல்லாரையும் வளர்த்தேன்.

ஏட்டி மக்கா, எம் பேத்தியில்லா, இங்க வா. இத மொதல்லேருந்து வாசி, எழுதினது சரியா இருக்கான்னு கேப்போம். ஒனக்கு வெக்கம் வருக எடத்தில கொஞ்சம் சத்தமா வாசி. எனக்குக் காது மந்தம்.