பனிக்குள் ஓர் உழவு இயந்திரத்தின் பின்னால்

மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் என் கணவருக்குச் சிறுநீரகக் கல் குத்தத் தொடங்கியது. நிமிர்ந்து இருக்கவே அவரால் முடியவில்லை. எங்கள் வான் வண்டியை ஓட்டுவது எப்போதும் அவர்தான். நான் லைசென்ஸ் எடுத்தும் ஊருக்குள் மட்டும் ஓட்டித் திரிந்தவள். அன்றைக்குக் கனகராயன்குளத்திலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டவேண்டி வந்தது.

பெரிய வீதியில் ஏறியதும் பனிமூட்டம் மூடிக்கொண்டது. பயத்தில் லைற்றை உயர்த்திப் போட்டேன். வெளிச்சம் பனியில் பட்டு என் முகத்துக்கே திரும்பியது. வீதி மறைந்துபோனது.

“டிம் பண்ணும்,” என்றார் அவர், பல்லைக் கடித்தபடி. “தூரத்தைப் பாக்காதையும். கரைக் கோட்டைப் பாத்து ஓடும்.”

தாழ்த்தினேன். இடப்பக்க வெள்ளைக் கோடு கொஞ்சத் தூரத்துக்குத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். அப்படி மெல்லப் போனதால்தான், முன்னால் நெல் மூட்டைகள் சுவர்போல எழுந்தபோது பிரேக் பிடிக்க முடிந்தது. உழவு இயந்திரம் ஒன்று. பின்பெட்டியில் ஒரு சிவப்பு லைற்கூட இல்லை. மூட்டைகளின் மேல் போர்வைக்குள் ஒரு பெண் ஒடுங்கியிருந்தாள்.

“உங்களுக்கு நோகுதெல்லே, முந்தட்டோ?”

“வேண்டாம். எதிர வாறது தெரியாது. ரெண்டு பக்கச் சிக்னலையும் போட்டிட்டு இதுக்குப் பின்னாலயே போம். நாங்கள் விலகினா, பின்னால வாறவன் இதிலதான் இடிப்பான்.”

சொல்லி வாய் மூடவில்லை, பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. கண்ணாடியில் இரண்டு மஞ்சள் பொட்டுகள் பெருத்துக்கொண்டே வந்தன. நல்லகாலம், எங்கள் சிக்னல் அவன் கண்ணில் பட்டுவிட்டது. பஸ் வேகம் தணிந்து, எங்கள் பின்னால் ஊரத் தொடங்கியது.

ஓமந்தையில் பனி கலைந்தது. உழவு இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, அதை ஓட்டியவர் கைகாட்டி எங்களை நிறுத்தி, கிட்ட வந்தார்.

“வழியில லைற் வயர் அறுந்துபோச்சு தங்கச்சி. மனுசியை மேல இருத்திக்கொண்டு நெஞ்சு பதறப் பதறத்தான் வந்தனான்.”

“வெயில் ஏறட்டும் அண்ணை, பிறகு வெளிக்கிடுங்கோ,” என்றார் என் கணவர். அந்தப் பெண் ஏற்கெனவே மூட்டைகளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் வலி தணிந்தது. கண்ணை மூடிக் கிடந்தவர் மெல்லச் சொன்னார்: “திரும்பிப் போகேக்கையும் நீரே ஓடும்.”

ஓம் என்றேன். வீட்டிலிருந்து செருப்புப் போடாமலே வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.