வெட்டக் கொடுக்காத சிவப்புக் கல்

டூர்மலின் கல் சேர்க்கிறேன் என்றால் ஓசூரில் முதலில் கேட்பது, "எந்த ராசிக்கு?" என்பதைத்தான். எந்த ராசிக்கும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. சின்னக் கீறல் இருந்தாலும் பாகத்தை ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். வார லீவில் பெங்களூருக்கு பஸ் ஏறி, கல் கடைகளில் வெட்டத் தேறாது என்று ஒதுக்கி வைத்த தட்டைக் கேட்டு வாங்கிக் கிளறுவேன். ரோஜா நிறத்திலும் சிவப்பிலும், மேலெல்லாம் நீளக் கோடுகளோடு கற்கள் கிடக்கும். உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அந்த விரிசலோடு அவற்றைப் பிடிக்கிறது எனக்கு.

என்னிடம் இருந்ததில் விரிசல் இல்லாதது ஒன்றுதான். சுண்டுவிரல் நீளம். ஒரு நுனி வெளிர் ரோஜா, மறு நுனி மாதுளை முத்துச் சிவப்பு. வந்த வினை அதற்குத்தான்.

போன வருஷம் என் கணவரின் கம்பெனியில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மாமியார் ஜோசியரிடம் ஓடினார். சிவப்புக் கல் மோதிரம் போட்டால் வேலை நிலைக்கும் என்றாராம். மாணிக்கம் வாங்க வசதியில்லை.

"வீட்லயே செவப்புக் கல்லு சும்மாதானே கெடக்குது?" என்றார் மாமியார்.

"அது மாணிக்கம் இல்லைங்க அத்தை."

"செவப்பா இருக்குதில்ல, போதும்."

முடியாது என்றேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அலமாரியில் கல் இல்லை. யூனிஃபார்ம்கூட மாற்றாமல் பஜாரில் இருந்த பட்டை தீட்டும் கடைக்குப் போனேன். அங்கே என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கல்லை அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டியாகிவிட்டது. சக்கரம் சுற்றத் தொடங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நிறுத்துங்க. கல்லு என்னுது."

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். "அக்கா, சார் குடுத்தது. அவர் சொல்லட்டும்."

"அவரைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க."

என் கணவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "என் வேலை போச்சுன்னா?"

"போனா என் சம்பளம் இருக்குது. ரெண்டு பேரும் சாப்பிடலாம். இதை வெட்ட விட மாட்டேன்."

கடைக்காரர் சக்கரத்தை நிறுத்தினார். அரக்கைச் சூடு காட்டி இளக்கிக் கல்லை என் கையில் கொடுத்தார்.

சில மாதங்களில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. நான்தான் காரணம் என்று மாமியார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். நானும் விடவில்லை. என் கணவர் வேலை பார்த்த உற்பத்தி லைனையே மூடிவிட்டார்கள், மொத்தப் பேரையும் அனுப்பிவிட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடைசி நாளன்று அவரை அழைத்துவரக் கம்பெனி கேட்டுக்குப் போயிருந்தேன். பையோடு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் விரலில் சிவப்புக் கல் மோதிரம் இருந்தது.