சதை பிடிக்காத ரோகு

செல்வகுமாரின் விடுதலை ஒரு கிலோவில் மாட்டிக்கொண்டிருந்தது. முத்தாபுதுப்பேட்டைக்குப் பின்னால் முதலாளி குணசேகரன் வெட்டிய மீன் குளத்துக்குக் காவல், தீனி, வலை எல்லாம் அவன்தான். ரோகு மீன்கள் ஆளுக்கு ஒரு கிலோ தொட்டதும் மொத்தமாகப் பிடித்து விற்று அவன் பங்கைக் கொடுப்பதாகப் பேச்சு. நடுவில் விட்டுப் போனால் பங்கு கிடையாது. அம்பத்தூரில் கம்பெனி வேலை போன ஆத்திரத்தில் தலையாட்டிவிட்டான். ஆத்திரத்தில் தலையாட்டுகிறவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

கரைமேல் இருந்த கொட்டகையை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாது. திருட்டு வலை போட ஆள் காத்திருந்தது. மகன் பிறந்ததையே அவன் போனில்தான் பார்த்தான்.

"உம் புள்ள அஞ்சு கிலோ ஆயிட்டான். உன் மீனு ஒரு கிலோ ஆவறதுக்கு இன்னாய்யா நோவுது?" என்பாள் மனைவி அனுசுயா. சிரித்து வைப்பான். போனை வைத்ததும் அழுகை முட்டும்.

மீன் நீளமாகத்தான் வளர்ந்தது. முழங்கை நீளம் வந்துவிட்டது; அது கிலோ மீனின் நீளம். தராசில் வைத்தால் அறுநூறு கிராம். தலை மட்டும் பெரிதாக, முதுகு ஒடுங்கி, வயிறு ஒட்டிக் கிடந்தது. நீளம் கொஞ்சம் கூடினாலே எடை நிறையக் கூட வேண்டும், அப்போதுதான் அது கொழுத்த மீன். இந்தக் குளத்தில் மீன் கூட்டம் அதிகம். போடுகிற தவிடும் புண்ணாக்கும் உயிர் பிழைக்கத்தான் போதுமானதாக இருந்தது.

"பாதியை எடுத்துடலாம் அண்ணாத்தே, மீதி சதை புடிக்கும்" என்று சொல்லிப் பார்த்தான். குணசேகரன் காதில் வாங்கவில்லை.

அதனால் ஒரு சாமர்த்தியம் செய்தான். பாவம், சாமர்த்தியம் அவனுக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. குணசேகரன் வந்த ஞாயிற்றுக்கிழமை, வலையில் விழுந்ததில் நீளமானவற்றை மட்டும் பொறுக்கி ஈரச் சாக்கில் அடுக்கினான். தராசைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

"நீட்டத்தைப் பாரு அண்ணாத்தே. அல்லாம் கிலோதான். இந்த வாரமே புடிச்சிடலாம்."

குணசேகரன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து செல்பி எடுத்துக்கொண்டார். எடை அவர் கைக்குத் தெரியவில்லை, நீளம் கண்ணை நிறைத்துவிட்டது.

"இன்னாமா வளந்துகீது! ராசியான கொளம்டா செல்வா. இன்னும் தாங்கும்."

மறுநாள் ஒரு மினி லாரி வந்தது. காற்றடைத்து உப்பிய பிளாஸ்டிக் பைகள் நிறைய மீன் குஞ்சுகள்.

"இதுங்களும் கிலோ ஆவட்டும், மொத்தமா புடிச்சிக்கலாம்" என்றார் குணசேகரன் போனில்.

"அண்ணாத்தே..."

"இன்னாடா?"

நேற்று காட்டியது பொய் என்று சொன்னால் பங்கும் போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தில் எந்த மீனும் கிலோ தொடப்போவதில்லை.

"ஒண்ணுமில்ல" என்றான்.

பைகளைக் கட்டோடு தண்ணீரில் மிதக்கவிட்டான். பைக்குள் இருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் செத்துப்போகும். சாகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு பையாக முடிச்சை அவிழ்த்து, ஒரு குஞ்சுகூடச் சாகாமல் குளத்தில் விட்டான்.