வனஜா அக்காவின் பத்தாவது நபர்

வனஜா அக்காவை எங்கள் மாஸ்டர் கொன்றார். மார்பில் இருந்த கட்டி அவருக்கு ஒத்தாசை செய்தது. நாங்கள் கை தட்டினோம்.

செய்தி வந்தபோது, திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து அக்காவின் கணவர் பேசினார். "உங்கக்கா போயிட்டாம்மா. நீ வந்துடு. அந்தாள மட்டும் கூட்டிகினு வராத." போனை வைத்துவிட்டார்.

மாஸ்டரின் வகுப்பில் என்னோடு படித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறுதோறும் ஸ்டேஷன் பக்கத்து மாடியில் உட்கார்ந்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் லைஃப் கோச் பயிற்சி: எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும், புத்தி சொல்லக் கூடாது. மதியம் எனர்ஜி ஹீலிங்: உடம்பைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் கையை ஓட்டி, கெட்டதை வழித்து உப்புத் தண்ணீரில் உதற வேண்டும். நோய் என்று யாரும் சொல்லக் கூடாது. 'அடைப்பு' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வித்தையும் கைவந்தால் ஆஸ்பத்திரி வாசலே மிதிக்க வேண்டாம் என்றார் மாஸ்டர். வேலையில்லாத பட்டதாரிகள் பாதிப் பேர். சர்டிபிகேட் கிடைத்தால் போதுமென்று தலையாட்டினோம்.

அக்கா ஜாக்கெட் தைப்பவர். முதல் நாளே, "இத்த இருவது வருசமா செஞ்சிகினுதான் கீறேன் மாஸ்டர். டேப்ப சுத்துனா போதும், பொம்பளைங்க வூட்டுக் கதை பூரா கொட்டிடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அக்காவின் தையல் கடையில் ஒருநாள் நான் இருந்தபோது ஒரு பெண் வந்தாள். ஜாக்கெட் கையை முழங்கை தாண்டி நீளமாக வைத்துத் தைக்கச் சொன்னாள். அக்கா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். கன்றிப்போயிருந்தது. "நீளமா தெக்க மாட்டேன் போ. உம்புருசன் பண்ணது ஊருக்குத் தெரியட்டும்" என்றார். அந்தப் பெண் அழுதாள், அப்புறம் சிரித்தாள், துணியை வைத்துவிட்டுப் போனாள். புத்தி சொல்லக் கூடாது என்ற பாடம் அக்காவிடம் ஒட்டவேயில்லை.

சர்டிபிகேட்டுக்குப் பத்துப் பேருக்கு, ஆளுக்குப் பத்து முறை ஹீலிங் செய்து நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அக்கா தெலுங்கு மீடியத்தில் படித்தவர். அவர் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் எழுதினேன். "இன்னாடி எழுத்து இது, கோழி கிண்டனாப்ல" என்று கிண்டல் செய்வார். ஒன்பது பேர் முடிந்தது. பத்தாவது ஆளுக்குப் பெயர் கேட்டேன். "பேரு வேணாம்மே. பக்கத்துத் தெரு அம்மான்னு போடு."

முதல் முறை: இடது மார்பில் புளியங்கொட்டை அளவு அடைப்பு. நான்காவது முறை: நெல்லிக்காய் அளவு. ஏழாவது முறை: ஜாக்கெட்டில் இடது பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டாயிற்று.

அரை அங்குலம். ஒரு தையல்காரிதான் தன் உடம்பை இப்படி அளப்பாள். எனக்கு உறைக்கவில்லை. எழுதினேன். மாஸ்டர் படித்துவிட்டு அதன் கீழே சிவப்பு மையில் எழுதினார்: "அடைப்பு வெளியேறுகிறது. நல்ல அறிகுறி. தொடரவும்." அந்த ஞாயிறு அக்காவை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நீங்கள் கை தட்டினீர்கள். எல்லோரையும்விட நான் பலமாகத் தட்டினேன்.

கட்டி உடைந்து ஜாக்கெட் நனைந்த பிறகுதான் கணவருக்குத் தெரிந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அக்கா பாதியாகியிருந்தார்.

"இன்னாடி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? சர்டிபிகேட் வந்துச்சா?"

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. உங்கையாலதான எழுதுன."

"அவரு படிச்சவரு, அவரே நல்லதுன்னு எழுதிட்டாரேன்னு இருந்துட்டேன்டி" என்றார் அக்கா. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கூட்டி வராதே என்று அக்காவின் கணவர் சொல்லியும், மாஸ்டர் தானாகவே சாவுக்கு வந்தார், மாலையோடு. "வனஜாவுக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைஞ்சிடுச்சு, அதான்" என்று பந்தலில் சொல்லிக்கொண்டிருந்தார். செத்தவள் மேலேயே பழியைப் போட்டார். அடுத்த மாதம் புதிய வகுப்புக்கு ஒட்டிய நோட்டீஸில் அக்காவின் படம் இருந்தது. 'எங்கள் சிறந்த மாணவி.'

அக்காவின் டேப்பையும் கத்தரிக்கோலையும் அவர் மகள் வைத்துக்கொண்டாள். நோட்டு என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்தும் மாஸ்டரின் சிவப்பு மையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, நோட்டீஸ் இருந்த சுவரிலெல்லாம் அதன் மேலேயே ஒட்டினேன். மாஸ்டர் ஆள் விட்டு மிரட்டினார். மறுபடி ஒட்டினேன். இனியும் ஒட்டுவேன். இந்த ஊரில் அவருக்கு ஒரு மாணவர்கூட மிஞ்சக் கூடாது.

போன ஞாயிறு புதிய வகுப்பின் முதல் நாள். அதே மாடி. முன்வரிசையில் இரண்டு பெண்கள், பொதட்டூர்பேட்டை தறிக்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது. நோட்டை விரித்து மாஸ்டர் முன்னால் வைத்தேன்.

"பத்தாவது நபர், ஏழாவது முறை. நீங்க கீழ எழுதுனதையும் சேத்து, எல்லாருக்கும் கேக்கறாப்ல படிங்க மாஸ்டர்."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. மைக்கை வாயருகே இழுத்து, எல்லோரும் கண்களை மூடி மூச்சை ஆழமாக இழுங்கள் என்றார். எல்லோரும் மூடினார்கள்.

"படிங்க மாஸ்டர்" என்றேன்.