வேல்யூவேஷன் மேடம் வந்திருக்காங்க

சொந்த வீட்டைப் பற்றி உண்மையைச் சொல்கிறவரை யாருக்கும் பிடிக்காது. அதைச் சொல்வதற்கென்றே பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, அதைக் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டு திரிகிறவர்கள் நாங்கள். வங்கிக் கடனில் வீடு கட்டியவரானால் எங்களில் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டேப்போடு வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "செப்டிக் டேங்க் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனாரே, அவர்தான். அவர் தலை மறைந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நான் முதலில் ஒரகடத்தில் தொழிற்சாலை ஷெட் கட்டும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் என்ஜினியராக இருந்தேன். அவர் வேலையை ஓசூருக்கு மாற்றினார். என் கணவர் ஜெயசீலன் இங்கே லாரி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு சூப்பர்வைசர். அவரை மாற்ற முடியாது. மகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது என் தொழில் ஒன்றுதான்.

நெகட்டிவ் மார்க்

சொத்து மதிப்பீட்டாளர் ஆக என்ஜினியரிங் பட்டம் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. அனுபவச் சான்றிதழ் வேண்டும். மதிப்பீட்டாளர் சங்கத்தில் சேரவேண்டும். அவர்கள் நடத்தும் வகுப்பில் உட்காரவேண்டும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் பரீட்சை. சட்டம் கேட்பார்கள், பொருளாதாரம் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எழுப்பி உங்கள் ஜன்னல் வெளிச்சத்தை மறைத்தால் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். விடை தப்பென்றால், சரியாக எழுதியதற்குக் கொடுத்த மார்க்கிலும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஏ.சி. ஒரே அறையில்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்து ஜெயசீலன் தூங்கும் அறையும் அதுதான். ஆகவே நான் படித்த சட்டம் முழுவதும் குறட்டைச் சத்தத்தோடுதான் மனசில் பதிந்தது.

முதல் தடவை ஃபெயில். அந்தக் காலத்துப் பரீட்சை என்றால் ரிசல்ட் வரும்வரை ஒரு மாதம் நிம்மதியாக இருக்கலாம். இதில் 'முடித்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தியதுமே திரையில் வந்துவிடுகிறது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற ஒரு என்ஜினியர், ஹால் டிக்கெட்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவரும் ஃபெயில், அதுவும் பலமுறை. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நான் கட்டின பாலத்து மேல இன்னிக்கும் பஸ் போவுதும்மா. அதுக்குக்கூட எவனும் நெகட்டிவ் மார்க் போட்டதில்ல."

முதல் மதிப்பீடு

இரண்டாம் தடவை பாஸ். பதிவுச் சான்றிதழ் ஈமெயிலில் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்துகொண்டு வந்தேன். ஜெயசீலனுக்கு என்னைவிட சந்தோஷம். எதிர்வீடு வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், நம் வீட்டுக்கே முதலில் மதிப்புப் போடேன் என்றார்.

விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான்தான் புதிதாக பாஸ் செய்தவளாயிற்றே, டேப்பை எடுத்துவிட்டேன். கட்டடத்தின் வயதைக் கழித்தேன். கைப்பிடிச்சுவர் ஓரம் இருந்த விரிசலைக் கழித்தேன். கார் திரும்ப முடியாத சந்து என்பதற்காகவும் கழித்தேன். மீதியைச் சொன்னபோது அவர் சாம்பார் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். விளக்கை அணைத்தபிறகு இருட்டில் குரல் மட்டும் வந்தது: "வீடு கட்டுறப்ப ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தெனம் செவுத்துக்கு நான் தண்ணி ஊத்திகினு இருந்தனே, அது உன் கணக்குல எந்த எடத்துல கீது?"

சார் நல்லவரு

வங்கி கொடுத்த முதல் வேலை ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவர் மாடி கட்டக் கடன் கேட்டிருந்தார். எனக்கு வழி தெரியாது, எங்கள் தெரு பாபுவின் ஆட்டோவில் போனேன். பாபு அன்றைக்கென்று பார்த்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வீட்டுக்காரர் நேரே அவனிடம் போய்க் கும்பிட்டார். நாற்காலி போட்டார். கூல்டிரிங்க் வந்தது. பாபுவும் வாங்கிக்கொண்டான். நான் வேலையைப் பார்ப்போம் என்று டேப்பை நீட்டி அளக்க ஆரம்பித்தேன்.

சும்மா இருக்க பாபுவுக்கும் ஒரு மாதிரி இருந்திருக்கும். எழுந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு என்று ஒரு தீர்ப்பும் சொன்னான். நானோ பிளான் எங்கே, அனுமதி எங்கே, மாடிக்குப் போகும் படி பக்கத்து மனையில் ஒரு அடி இறங்கியிருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வீட்டுக்காரர் வங்கி மேலாளரிடம் போனில் பேசியது வாசல்வரை கேட்டது: "சார் தங்கமான மனுஷன் சார். கூட வந்த பொண்ணுதான் ரொம்ப நோண்டுது."

விமான நிலையம்

லைசென்ஸ் கிடைத்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு வருடமும் இத்தனை மணி நேரம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தால்தான் தொழில் செய்யும் உரிமையைப் புதுப்பிப்பார்கள். வகுப்பு ஆன்லைனில். கேமரா ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், முகம் தெரியவேண்டும். வேலையும் அதே நேரத்தில்தான் வரும். அப்படி ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை அறைகளை அளக்கப் போனேன். மேலே இன்னொரு தளம் கட்ட உரிமையாளர் கடன் கேட்டிருந்தார். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, அடிக்கடி அதன் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு அளந்தேன்.

கடைசி அறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் பக்கத்து இசக்கிமுத்து, கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அந்த அறையில் ஒரு கட்டிலை ஷிப்டுக்கு ஒருவராக மூன்று பேர் மாற்றி மாற்றி உபயோகித்தார்கள். சத்தம் கேட்டு எழுந்தவர், கேட்காமலே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டு வந்திருப்பதாகவும், சீக்கிரம் ஒரு மனை வாங்கி அவர்களை அழைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். போனில் யார் பேசுவது என்று கேட்டார். விமான நிலையத்துக்கு மதிப்புப் போடுவது எப்படி என்று பாடம் எடுக்கிறார்கள் என்றேன். அவர் ஜன்னலையும் கட்டிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மொதல்ல இத சட்டுன்னு போட்டு முடிங்கக்கா. அடுத்த ஷிப்ட்டுக்காரன் படுக்க வந்துருவான்" என்றார்.

உள்வாய்

சில மாதம் கழித்து வங்கியிலிருந்து வந்த கோப்பில் அவர் பெயரைப் பார்த்தேன். மனை வாங்கி வீடு கட்டக் கடன். கோடைகாலம். இஸ்திரி போட்ட சட்டையோடு மனைப்பிரிவின் பெரிய அலங்கார வளைவுக்குக் கீழே காத்திருந்தார். உள்ளே கலர் கலராகக் கொடிகள், மஞ்சள் கற்கள். தன் மனையில் நின்று, இங்கே அடுப்படி, இங்கே படுக்கிற அறை, இங்கே தொட்டில் கட்டக் கொக்கி என்று நடந்து நடந்து காட்டினார். இல்லாத வாசற்படிக்காகக் காலைத் தூக்கி வைத்ததைப் பார்த்து எனக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

அப்போதுதான் ஓரத்தில் நின்ற கருவேல மரங்களைப் பார்த்தேன். எல்லா மரத்திலும் இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாகச் சேறு காய்ந்த கோடு. கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது, மனை ஏரியின் உள்வாயில் இருந்தது. ஏரி நிறையும்போது தண்ணீர் வந்து நிற்கும் இடத்தை இந்தப் பக்கம் உள்வாய் என்பார்கள். பட்டா இருந்தது, பத்திரம் சரியாக இருந்தது. மழைக்காலத்தில் நிலம்தான் இருக்காது. இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். ஜெயசீலனிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், வீடு கட்டத் தகுதியற்ற இடம் என்று எழுதி அனுப்பினேன். கடன் நிராகரிக்கப்பட்டது. இசக்கிமுத்து முன்பணம் கொடுத்திருந்தார் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மழையில் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்: "நான் ஒங்க வீட்டு ரூவாயவா கேட்டேன்? ஒரு கையெழுத்துதானக்கா கேட்டேன்."

லைன் நின்றது

மனைப்பிரிவின் சொந்தக்காரரை, அந்த அலங்கார வளைவை வைத்து, நாங்கள் ஆர்ச்சுக்காரர் என்றுதான் சொல்வோம். என் அறிக்கைக்குப் பிறகு அந்த வங்கி அவருடைய மனை எதற்குமே கடன் கொடுப்பதை நிறுத்தியது. அவர் என் சங்கத்துக்குப் புகார் எழுதினார். நான் இடத்துக்கு வராமலே, வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேனாம். புகார் விசாரணையில் இருக்கும்வரை தொழில் செய்யும் உரிமையைப் புதுப்பிக்க முடியாது என்று பதில் வந்தது. வங்கி மேலாளர் நல்ல மனிதர், எதுவும் சொல்லவில்லை. கோப்பு அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, லேமினேட் செய்த சான்றிதழைத் துடைத்து வைப்பதைத் தவிர வேலை இல்லை. ஆர்ச்சுக்காரர் ஆள் அனுப்பினார். அறிக்கையில் ஒரு வரியை மாற்றினால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். மாற்றிவிடு என்று ஜெயசீலன் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொன்னால் நானும் மாற்றியிருப்பேனோ என்னவோ. அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "எங்க லைன்ல டிஃபெக்ட்டைப் புடிச்சா போட்டோ எடுத்து போர்டுல ஒட்டுவாங்க" என்றார். "உங்க லைன்ல இன்னா, புடிச்சவளையே ரிஜெக்ட் பண்றாங்க?"

விசாரணை

விசாரணையும் ஆன்லைனில்தான். சங்கத்தின் சார்பில் மூன்று பேர், ஒரு சதுரத்தில் நான், இன்னொன்றில் ஆர்ச்சுக்காரர். இடத்தில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். நாளும் இடமும் அதிலேயே பதிந்திருந்தன. இசக்கிமுத்து அடுப்படியைக் காட்டும் படமும் இருந்தது. வரைபடத்தைக் காட்டினேன். அப்புறம் ஆர்ச்சுக்காரர் அடித்த விளம்பர நோட்டீஸையும் காட்டினேன். 'ஏரியைப் பார்த்த மனைகள்' என்று அதில் பெரிதாகப் போட்டிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று மூவரில் ஒருவர் கேட்டார். ஏரி வருடம் பூராவும் அங்கே நிற்பதில்லை, சில மாதம்தான் என்று ஆர்ச்சுக்காரர் விளக்கம் சொன்னார். அதைச் சொன்னபிறகு விசாரணை அதிக நேரம் நடக்கவில்லை.

புகார் தள்ளுபடி ஆனது. ஆனால் லைசென்ஸ் புதுப்பித்து வரவில்லை. சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் விவரங்களைப் பார்த்துவிட்டு, விசாரணை நடந்த அதே நேரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது, நீங்கள் வரவில்லை, மணிக்கணக்கு குறைகிறது என்றார். விசாரணையில்தானே சார் இருந்தேன் என்றேன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது: "தொழில் நெறிமுறை வகுப்புங்க மேடம் அது. அதுக்கு மட்டுமாவது வந்திருக்கணும்."

ஒழுகும் சுவர்

வகுப்பை முடித்து, லைசென்ஸும் வந்து, கோப்புகளும் மெல்ல வர ஆரம்பித்த சமயத்தில் இசக்கிமுத்து போன் செய்தார். முன்பணத்தில் பாதியைத்தான் ஆர்ச்சுக்காரர் திருப்பியிருந்தார். அதோடு கம்பெனியில் ஓ.டி. பார்த்துச் சேர்த்ததையும் வைத்துக்கொண்டு, மறைமலை நகர் பக்கம் ஒரு பழைய சின்ன வீட்டைப் பார்த்திருந்தார். வங்கிக்காக இல்லை, எனக்காக வந்து பாருங்கள் என்றார். போனேன். மனைவி மாரியும் குழந்தையும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை. காற்று நன்றாக வருகிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். நல்லதைச் சொல்லப் புரோக்கர் இருக்கிறார், என்ன இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று இசக்கிமுத்து தடுத்துவிட்டார். சொன்னேன். மேற்குச் சுவர் ஒழுகும், வயரிங் பழசு, பின்வாசல் கதவு மாற்றவேண்டும். தண்ணீர் மட்டும் எந்தக் காலத்திலும் உள்ளே வராது.

விலையைக் கொஞ்சம் குறைத்து வாங்கிவிட்டார்கள். கடன் கொடுத்த வங்கி வேறு, மதிப்புப் போட்டவரும் வேறு. அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தினேன். மேற்குச் சுவரில் பெரிய ஈரத்திட்டு. அதற்குக் கீழே ஒரு வாளி. ஆர்ச்சுக்காரரின் கொடிகள் அதே மழையில் தண்ணீருக்கு மேலே துணி மட்டும் தெரிய நின்றதை இசக்கிமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாரி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சொன்ன மாதிரியே ஒழுகுதுக்கா," என்றாள். "வேற எதும் கண்டுட்டுச் சொல்லாம விட்டியளா?"

இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து லைசென்ஸ் புதுப்பித்து வந்துகொண்டுதான் இருக்கிறது, சொந்தபந்தங்களின் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகைகள்தான் வருவது நின்றுவிட்டது.